சைலன்சர் முனையில் ஆசிட் ஊற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜைக்கு வண்டிகளைச் சுத்தம் செய்வது பற்றி வாசகர்கள் எழுதியனுப்பிய குறிப்புகளைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரண்டு வாரங்களுக்கு முன் படித்தேன். காரின் சைலன்சர் முனை கறுத்தோ மஞ்சளித்தோ போயிருந்தால், கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதன்மேல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தால் புதிதுபோல் பளபளக்கும் என்று அவற்றுள் ஒரு குறிப்பு கூறியது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனாலும் அந்த நான்கு வரிகளைப் படித்த அன்றே தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது வருந்துகிறேன். ஏனென்றால் அதற்குள் அதன்படியே செய்து பார்த்த ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்துவிட்டார்.

நான் மதுரையில் 31 ஆண்டுகள் சிறிய பாலிஷ் பட்டறை ஒன்றை நடத்தி ஓய்வுபெற்றவன். நிக்கல், குரோமியம் முலாம் பூசும் வேலையும் அங்கே நடந்தது. கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு முதல் அம்பாசிடர் காரின் பம்பர் வரை, புல்லட் சைலன்சர் முதல் தள்ளுவண்டி இட்லிக் கொப்பரை வரை என் கையில் படாத உலோகச் சாமான் குறைவு. உலோகத்தின் மேல்தோல் எவ்வளவு மெல்லியது, அதை இழந்துவிட்டால் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதைத் தினமும் கண்டு பிழைத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எதிர் வீட்டுத் தம்பி சென்ற வாரம் ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்தது, அவருடைய காரின் சைலன்சர் முனை. சில கார்களில் அது தனித்துண்டாக இருக்கும். ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் கையோடு கழன்று வந்துவிடும். "மாமா, ஊத்துனதும் நல்லா நுரைச்சுச்சு, அழுக்குதான் போகுதுன்னு நினைச்சேன். இன்னொரு தடவை ஊத்தலாமா?" என்று கேட்டார். பத்து நிமிடத்துக்கு நுரை அடங்காததால் அரை மணி நேரம் விட்டிருக்கிறார். நான் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மேற்பக்கத்தில் குரோமியத்துக்கே உரிய சற்று நீலம் கலந்த வெண்மை இன்னும் இருந்தது. ஆசிட் வழிந்து தேங்கிய அடிப்பக்கத்திலோ அந்த வெண்மை ஒரு கோடு கிழித்ததுபோல் நின்று, அதற்குக் கீழே பழைய வெள்ளிக் கொலுசைப்போல் இளமஞ்சள் சாயல் தெரிந்தது. அது நிக்கல். அந்த நிக்கலின் மீது கம்பி நார் இழுத்த கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. விளிம்பில் ஓரிரு கீறல்கள் நிக்கலையும் தாண்டி இரும்பைத் தொட்டிருந்தன. ஒரே இரவில் அந்த இடங்களில் புகையிலை நிறத்தில் துரு எழும்பியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு குழாயின் உள்விளிம்பில் விரலை வைத்து எடுத்தேன். அவர் எதைப் போக்குவதற்காக இத்தனையும் செய்தாரோ அந்தக் கரி, என் விரலில் மை போல ஒட்டிக்கொண்டு வந்தது.

அவர் நுரையைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைத்ததில் தவறில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். கழிப்பறை ஆசிட் என்று கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பழைய பம்பருக்குப் புதிதாக முலாம் பூச வேண்டுமென்றால், முதலில் அதன் மேலுள்ள பழைய குரோமியத்தைக் கழற்றியாக வேண்டும். அதற்காகப் பட்டறையில் நாங்கள் பயன்படுத்தியதும் இதே அமிலத்தைத்தான், தண்ணீர் கலந்து. உள்ளே இறக்கிய சற்று நேரத்தில் பொங்கும். கரைசல் பச்சையாக மாறும். பொங்குவது நின்றால் குரோமியம் முழுவதும் போய்விட்டது என்று பொருள். ஆக, முலாமைக் கழற்றும் முறையைத்தான் முலாமைப் பளபளப்பாக்கும் முறை என்று அந்தக் குறிப்பு சொல்லிக் கொடுத்திருக்கிறது. கார்களில் அலங்காரத்துக்காகப் பூசும் குரோமியம் பொதுவாக ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அடியில் அதைத் தாங்கிநிற்கும் நிக்கல்தான் பத்து, இருபது மைக்ரான் அளவுக்குக் கனமானது. பளபளப்பின் பெரும்பகுதி நிக்கலுடையது. அது மங்காமல் காப்பது மேலே உள்ள மெல்லிய குரோமியம். அந்தக் காவல் போனபின் எத்தனை முறை தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் நிக்கல் சில வாரங்களில் மங்கிவிடும்.

சரி, கரி ஏன் போகவில்லை? கரி என்பது கார்பன். எந்த வீட்டு ஆசிட்டிலும், எலுமிச்சையிலும், புளியிலும், வினிகரிலும் அது கரையாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதித் தவறுகள் நடக்காமல் போய்விடும் என்று உறுதியாக நம்புகிறேன். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அங்கே பித்தளையின் மேல் படிந்திருப்பது செம்பின் ஆக்சைடு. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. சைலன்சர் முனையில் படிவது வேறு பொருள். எரியாமல் மிச்சப்பட்ட எரிபொருளும் துளி எண்ணெயும் சேர்ந்த ஒரு பிசின், கார்பன் தூளை உலோகத்தோடு ஒட்டவைத்திருக்கிறது. கரையவேண்டியது அந்தப் பிசின். அதற்கு வேண்டியது சோப்பும் வெந்நீரும் பொறுமையும். புளிக்கு மசியவில்லையே என்று எலுமிச்சைக்கும், எலுமிச்சைக்கு மசியவில்லையே என்று ஆசிட்டுக்கும் ஏறிக்கொண்டே போகிறவர்கள் கரியை விட்டுவிட்டு உலோகத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

துணியை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து பார்க்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். என் பட்டறைக்கு அவ்வப்போது வந்து டீ குடித்துவிட்டுப் போகும் மெக்கானிக் ஒருவர், வண்டியின் பானெட்டைத் திறப்பதற்கு முன் பின்பக்கம் போய்ச் சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்லும் வைத்தியர்போல என்று சொல்லுவேன். காய்ந்த கறுப்புத்தூள் மெலிதாக இருந்தால் பெட்ரோல் வண்டிக்கு அது இயல்பு. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய வகை இன்ஜின்களில் அது சற்றுக் கூடுதலாகவே படியும். தூள் திப்பி திப்பியாகக் கனத்திருந்தால், பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது என்று சந்தேகப்பட்டுப் பிளக், காற்று வடிகட்டி, ஆக்சிஜன் சென்சர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். விரலில் படுவது பிசுபிசுப்பாக, எண்ணெய் வழவழப்போடு இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கிளப்பும்போது நீலப்புகையும் வந்தால் ஐயமே இல்லை. டீசல் வண்டி என்றால் இன்னொரு கணக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அத்தகைய காரின் சைலன்சர் வாய் ஏறக்குறையச் சுத்தமாகவே இருக்க வேண்டும். அங்கே கனமான கரி கண்டால் வடிகட்டியில்தான் ஏதோ கோளாறு. பார்க்காமல் துடைத்துவிட்டால், வண்டி நமக்குச் சொல்ல வந்ததையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம்.

மஞ்சளும் நீலமும் வேறு கதை. எவர்சில்வரைக் காற்றில் சூடாக்கினால் அதன் மேல் ஓர் ஆக்சைடு படலம் வளர்கிறது. படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. சுமார் 290 டிகிரி செல்சியஸில் வெளிர்மஞ்சள், 340இல் வைக்கோல் நிறம், 390இல் பழுப்பு, 450இல் கத்தரிப்பூ ஊதா, 540 அளவில் மயில்கழுத்து நீலம். இவை சாயங்கள் அல்ல. மழைநாளில் பெட்ரோல் சிந்திய சாலைத் தண்ணீரில் தெரியும் வண்ணங்களைப்போல, மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுபவை. காரின் பின்முனை வரை வந்துசேரும் புகை வழியிலேயே ஓரளவு ஆறிவிடுவதால் அங்கே முழு நீலம் அரிது. நாளடைவில் படியும் தேன்மஞ்சள்தான் அதிகம். வத்தலக்குண்டு தாண்டி இரண்டாவது கியரிலேயே கொடைக்கானல் மலை ஏறி இறங்கும் வண்டிகளில் அது விரைவில் தெரியும். மோட்டார் சைக்கிளில் இன்ஜினை ஒட்டி வளைந்துவரும் குழாய் நீலம் பூப்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்ததாக, முனை எந்த உலோகத்தால் ஆனது என்று தெரிய வேண்டும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை போதும். காந்தம் சற்றும் ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த நல்ல எவர்சில்வர். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளில் பலவும் அந்த வகைதான். காந்தம் இறுக ஒட்டினால், பெரும்பாலும் இரும்பின் மேல் குரோமியம் முலாம் பூசியது. நிக்கல் இல்லாத மலிவான எவர்சில்வராகவும் இருக்கலாம். ஐயமிருந்தால் ஒரு புதிய எவர்சில்வர் கரண்டியை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். குரோமியம் கண்ணாடிபோல் நீலவெண்மையாகவும், எவர்சில்வர் சற்றே சாம்பல் படர்ந்த வெண்மையாகவும் தெரியும். அப்போதும் விளங்கவில்லை என்றால், முலாம் பூசியது என்றே கொண்டு மென்மையான வழியில் போவது நல்லது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய சில கார்களில் பம்பரோடு சேர்ந்து பளபளக்கும் இரண்டு வாய்கள் வெறும் பிளாஸ்டிக். உண்மையான குழாய் அவற்றுக்குப் பின்னால் தரையைப் பார்த்து மறைந்திருக்கும். அவற்றையும், கறுப்புப் பூச்சு கொடுத்த முனைகளையும் ஷாம்பூ தண்ணீரால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வேலை தொடங்குமுன் வண்டி முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஓட்டிவந்து ஒரு மணி நேரமாவது போகட்டும். முனை ஆறிவிட்டது என்று தொட்டுப் பார்த்தபின்னும் உள்ளே சைலன்சர் பெட்டி சுடும். கதவடைத்த போர்ட்டிகோவில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு யாரும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. அழுக்குத் தண்ணீர் உட்புறம் ஓடாமலிருக்க ஒரு துணிப்பந்தைக் குழாயில் செருகலாம். ஆனால் அதன் வால் வெளியே நீளமாகத் தொங்கட்டும், வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடாமலிருக்க.

கரிக்கு வெந்நீர், பாத்திரம் விளக்கும் திரவ சோப்பு, பழைய பல்துலக்கி, தேங்காய் நார் ஆகியவை போதும். சோப்பை நீர்க்காமல் அப்படியே பூசி, வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றிக் கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிசின் இளகும். பிறகு தேங்காய் நாரால் வட்டமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரே முறையில் போகாது. இரண்டு, மூன்று முறை ஆகும். அதன் பிறகும் திட்டாக நிற்கும் கரிக்கு ஆப்பசோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசித் தேய்க்கலாம். அது மென்மையான பொடி, முலாமைக் கீறாது. மண்ணெண்ணெய் இந்தப் பிசினை நன்றாகக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சூடு தணியாத குழாயில் மண்ணெண்ணெய்த் துணியை வைப்பது தீயோடு விளையாடுவது. ஆறிய குழாயில் சிறிதளவு தொட்டுத் துடைத்து, உடனே சோப்புப் போட்டுக் கழுவுவதாக இருந்தால் மட்டும் அதைக் கையில் எடுக்கலாம்.

கரி போனபின் குரோமியம் முனையில் ஊசிமுனைத் துருப்புள்ளிகள் தெரிந்தால், உணவு கட்டித்தரும் அலுமினியத் தாளைச் சிறு பந்தாகக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையானது. ஆகவே அது முலாமைக் கீறாமல் துருவை மட்டும் எடுத்துவிடும். கம்பி நார் ஏன் கூடாது என்று சிலர் கேட்கலாம். குரோமியம் இரும்பைவிடக் கடினமானதுதானே என்று விவரம் தெரிந்தவர்கள் வாதிடுவதையும் கேட்டிருக்கிறேன். கடினமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மெல்லியது; நுண்ணிய வெடிப்புகள் நிறைந்தது; துருப்புள்ளியைச் சுற்றி அதன் விளிம்பு ஏற்கெனவே அடியிலிருந்து விட்டு எழும்பியிருக்கும். அந்த விளிம்பில் கம்பி மாட்டினால் வெங்காயத் தோல்போல உரிந்துவரும். எவர்சில்வரிலோ கம்பி நார் நேரடியாகவே கீறிவிடும். அதோடு கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகளை விட்டுச்செல்லும். சில நாள்களில் அந்தத் துணுக்குகள் துருப்பிடிக்க, எவர்சில்வரே துருப்பிடித்துவிட்டது என்று கடைக்காரரைக் குறைசொல்லிக்கொண்டு வருவார்கள். கடைசியாக, பித்தளைக்கும் வெள்ளிக்கும் விற்கும் உலோகப் பாலிஷைச் சிறிதளவு பழைய பனியன் துணியில் தொட்டு லேசாகத் தேய்த்து, கறுப்பாக ஊறிவரும் அழுக்கை வேறு துணியால் துடைத்தெடுத்தால் போதும். மின்சாரத்தில் சுழலும் பாலிஷ் சக்கரத்தில் குரோமியம் முனையைப் பிடித்துக்கொடுக்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். ஒரு கை அசந்தால் நிக்கல் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் வற்புறுத்தியும் நான் அதைச் செய்துகொடுத்ததில்லை.

எவர்சில்வர் முனைக்கு இன்னும் சற்றுத் தாராளமாகக் கை வைக்கலாம். அதில் முலாம் இல்லை, உள்ளும் புறமும் ஒரே உலோகம். மஞ்சள் சாயலுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், நல்ல மருந்து. மளிகைக் கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கும். ஒரு டம்ளர் வெந்நீருக்கு இரண்டு தேக்கரண்டி கரைத்து, துணியை நனைத்து முனையில் சுற்றி இருபது நிமிடம் வைத்தால் வைக்கோல் நிறம் வெளிறும். அந்த அமிலத்தில் குளோரைடு இல்லாததால் எவர்சில்வரைத் துளைக்காது. தொழிற்சாலைகளில் எவர்சில்வரின் காப்புப்படலத்தைச் சீராக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அப்படியல்ல. எவர்சில்வரின்மேல் இயல்பாக இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தை அதிலுள்ள குளோரைடு அங்கங்கே உடைத்து, அம்மைத் தழும்புபோலக் குழிகளை உண்டாக்கிவிடும். அந்தக் குழிகளை எந்தப் பாலிஷும் நிரப்பாது. குழியின் ஆழம் வரை சுற்றியுள்ள உலோகத்தையே அரைத்துத் தள்ள வேண்டியிருக்கும்.

ஊதாவும் நீலமும் எலுமிச்சை உப்புக்கு முழுதாகப் போகா. அவற்றைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். முதலில் உலோகப் பாலிஷால் முயன்றுபார்த்து, அதற்கு அசையாவிட்டால் மட்டும் பெயிண்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, எடுக்க வேண்டும். 1000 எண்ணில் தொடங்கி 1500, பிறகு 2000 என்று ஏற வேண்டும். தாளும் முனையும் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு தாளும் அதற்கு முந்தைய தாள் விட்ட கோடுகளை முழுவதும் அழித்த பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்பட்டு 1000இலிருந்து நேரே 2000க்குத் தாவினால், கடைசியில் பாலிஷ் போட்டு வெயிலில் பிடிக்கும்போது அடியில் கிடக்கும் கோடுகள் அத்தனையும் எழுந்து நிற்கும். பட்டறையில் புதிதாக வரும் பையன்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. அதைக் கற்றுக்கொள்ள ஒவ்வொருவருக்கும் சில மாதங்கள் பிடித்தன. முனை கண்ணாடிப் பளபளப்பாக இல்லாமல் மெல்லிய கோடுகளோடு மங்கலாகவே தயாரிக்கப்பட்டிருந்தால், அந்தக் கோடுகள் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் தோற்றம் கெட்டுவிடும்.

நம் வீட்டு விபூதியைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. வெள்ளி விளக்குக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் அனுபவம். எவர்சில்வர் முனைக்குக் கடைசி மெருகு ஏற்றவும் விபூதி உதவும், மல் துணியில் சலித்து மணல் நீக்கியதாக இருந்தால். செங்கல் பொடியும் அடுப்புச் சாம்பலும் வேண்டாம். அவற்றில் உள்ள மணல் பரல் ஒன்று போதும், ஒரு நாள் உழைப்பைக் கெடுக்க.

மதுரைக்காரர்களுக்கென்று ஒரு சொல். நம் ஊரின் பல பகுதிகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. எவ்வளவு அழகாகத் தேய்த்தாலும் அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் அப்படியே விட்டால், காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் பூத்துவிடும். அவற்றை அழுக்கு என்று நினைத்து மறுபடி ஆசிட்டைத் தேடுவார்கள். கடைசி அலசலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீரை எடுத்துவைத்து, உடனே துணியால் ஈரம் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இராமேசுவரம் போய் தனுஷ்கோடிச் சாலையில் கடற்காற்று வாங்கித் திரும்பியவர்கள், அடுத்த நாளே அடிப்பாகத்தையும் சைலன்சரையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அந்த உப்பு ஒரு வாரம் தங்கினாலும் முலாமின் நுண்துளை வழியே துருவை அழைத்துவந்துவிடும். அன்றாடம் திருநகரிலிருந்து பழங்காநத்தம் வரை காய்கறி வாங்கப் போய்த் திரும்பும் வண்டிகளுக்கு வேறு தொல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. குழாய் சூடேறுமுன் வண்டியை நிறுத்திவிட்டால் அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கிக் கரியோடு கலந்து, மறுநாள் கிளப்பும்போது கறுப்புச் சாறாகத் தெறிக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது மேலூர் வரையோ திருமங்கலம் வரையோ தொடர்ச்சியாக ஓட்டிவந்தால் குழாயின் உட்புறம் காயும். முனையில் கரி படிவதும் குறையும்.

தேய்த்து முடித்த முனைக்கு மெழுகு பூசலாமா என்றால், பூசலாம். ஆனால் கார் உடம்புக்குப் பூசும் மெழுகு 80 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும் என்பதால் இங்கே அதிக நாள் நிற்காது. அதைவிட, மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுவது மேல். கரி இளசாக இருக்கும்போது துணிக்கே வந்துவிடும். சூட்டில் வெந்து வெந்து இறுகியபின்தான் இத்தனை பாடு. பாலிஷ் போடுவதை ஆண்டுக்கு இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளலாம், ஏனென்றால் ஒவ்வொரு பாலிஷும் அணுவளவாவது உலோகத்தை எடுத்துக்கொண்டுதான் போகிறது.

வாட்டர் சர்வீஸ் கடைகளில் நடப்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகளின் காரைச் சென்ற ஆண்டு ஓரிடத்தில் விட்டு எடுத்தோம். சக்கரத்துக்கும் சைலன்சருக்கும் ஒரு குப்பியிலிருந்து ஏதோ பீய்ச்சினார்கள். மூக்கைத் துளைத்த நெடியிலிருந்தே எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. பட்டறையில் ஆசிட் தொட்டிக்குப் பத்தடி தள்ளிச் சுவரில் மாட்டியிருந்த கத்தரிக்கோலும் ரம்பமும்கூட அதன் ஆவியிலேயே துருப்பிடித்த காலத்தை நான் மறக்கவில்லை. பீய்ச்சிய பையனின் கையில் உறையும் இல்லை, முகத்தில் மறைப்பும் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். வண்டியை விடும்போதே, சைலன்சருக்கும் சக்கரத்துக்கும் ஷாம்பூவைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நம் வண்டிக்கும் நல்லது, அந்தப் பையனுக்கும் நல்லது. வீட்டில் செய்கிறவர்களுக்கு இன்னோர் அபாயம் இருக்கிறது. ஆசிட் பலிக்கவில்லை என்று அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலை எரித்துவிடும். சைலன்சர் ஆனாலும் கழிப்பறை ஆனாலும் அந்த இரண்டையும் ஒருபோதும் ஒன்றுசேர்க்கக் கூடாது.

எதிர் வீட்டுத் தம்பியின் முனைக்கு மறுபடி முலாம் பூச இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். முன்புபோல் சிறிய முலாம் பட்டறைகள் இப்போது எளிதில் கண்ணில் படுவதில்லை. குரோமியத் தொட்டியில் உள்ள கரைசல் கொடிய நஞ்சு. அதன் கழிவைச் சாக்கடையில் விடக் கூடாது என்ற கட்டுப்பாடு நியாயமானது. அதற்கான வசதி செய்ய இயலாமல்தான் நானும் தொட்டியை மூடினேன். ஆகவே இன்று ஒரு முனையின் முலாம் போனால், அதைப் போட்டுத் தருவதற்கு ஆள் தேடி அலைய வேண்டும். பெரும்பாலானோர் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவார்கள்.

ஆயுத பூஜைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்கள் இருக்கின்றன. அதற்கு முந்தைய இரண்டு நாள்களும் மதுரையில் எந்தத் தெருவில் போனாலும் வாளியும் துணியுமாக வண்டியைச் சுற்றி நிற்பவர்களைக் காணலாம்; அவர்களில் பலரிடம் அந்தக் குறிப்பு வெட்டியெடுத்த துண்டாக இருக்கக்கூடும். எனவே, அது வெளியான அதே ஞாயிறு இணைப்பின் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கழிப்பறை ஆசிட்டும் கம்பி நாரும் சைலன்சர் முனைக்கு ஆகாது, கரிக்குச் சோப்பும் வெந்நீருமே போதும் என்ற இரண்டு வரிகளையாவது வரும் ஞாயிறே வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் முழுவதற்கும் இடமில்லை என்றால் மற்றதை விட்டுவிடலாம். அந்த இரண்டு வரிகளை விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பாலிஷ் பட்டறைக்காரன்,
திருநகர், மதுரை.